மருந்துக் கடை என்றுதான் சொன்னேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, மார்கழி மாதம். மதுரை செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தொடர்ந்து ஏழு மாதம் ஒரே ஊரில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் ஏறி, தெலங்கானா, சத்தீஸ்கர், ஒடிசா என்று மூன்று வருடம் போனேன். அப்புறம் புனேயில் ஓட்டல், சூரத்தில் துணி மூட்டை, கேரளாவில் கல் குவாரி. ஓரிடத்தில் சலிப்புத் தட்டினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஏன் கிளம்பினாய் என்று கேட்க ஆளும் கிடையாது.

தலையில் தொந்தரவு வந்தது அந்த லாரியில்தான். நாள் முழுக்கக் கல்தூள் பறக்கும். குளிக்கக் கிடைப்பது உப்புத் தண்ணீர். துணி துவைக்கிற சோப்பைத்தான் தலைக்கும் போட்டோம். மண்டை காய்ந்து, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. சொறிந்தால் நகக்கண் வெள்ளையாகிவிடும். புனே ஓட்டலில் முதலில் என்னைச் சாப்பாடு பரிமாறத்தான் வைத்திருந்தார்கள். தட்டில் செதில் விழுகிறது என்று யாரோ சொன்னதும் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் லாரி வேலைபோல வெயில் இல்லை.

செல்லூருக்கு வந்த பிறகும் அது போகவில்லை. தறிக்கூடத்தில் எந்நேரமும் பஞ்சு பறக்கும். வேலை முடிந்து வெளியே வந்தால் எல்லோர் தலையும் வெளுத்திருக்கும். என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பன் என் தோளைத் தட்டிவிட்டுக் கேட்பான்: "மாப்ள, இது தறியில பறந்த பஞ்சா, இல்ல உன் சொந்தச் சரக்கா?"

அவன் பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் அங்கே பருத்தி, சோளம் போட்டுக் காலம் தள்ளுகிறவர்கள். நானும் அவனும் எந்த வகையிலும் சொந்தம் இல்லை. மதுரையில் வயது ஒத்த பையன்கள் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடைக்காரரும் மாப்ள, ஆட்டோக்காரரும் மாப்ள. அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அந்த ஏழு மாதத்தில் என் தலை குணமானது. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சின்னப் பாட்டிலில் வேப்பெண்ணெய் வாங்கினேன். இரண்டு கரண்டித் தேங்காய் எண்ணெயில் பத்துச் சொட்டுக் கலந்து தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறுவேன். ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துப் பூசி, சீயக்காய் போட்டு அலசிவிடுவேன். வாரம் இரண்டு தடவை. துணி சோப்பையும் நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் உரிவது நின்றது. இதில் எது குணமாக்கியது என்று எனக்குத் தெரியாது. சோப்பை நிறுத்தியதே போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் யார் கேட்டாலும் வேப்பெண்ணெய்தான் என்று அடித்துச் சொன்னேன். தறிக்கூடத்தில் நாலைந்து பேர் என்னிடம் வைத்தியம் கேட்க ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. எட்டாம் வகுப்புத் தாண்டாதவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டபோது நன்றாக இருந்தது.

நண்பனுக்கு ஒரு தங்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். டி. கல்லுப்பட்டி பக்கம் ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளை பேசி, கார்த்திகையில் பூ வைத்து நிச்சயம் செய்துவிட்டார்கள். மாசியில் கல்யாணம். பூ வைத்த அன்று மாப்பிள்ளையின் அக்கா இவளுக்குத் தலையில் பூச்சூட்டும்போது கூட்டத்தில் சத்தமாகக் கேட்டிருக்கிறாள்: "என்னடி, தலையில மாவு கொட்டிருக்கு?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து இந்தப் பெண்ணுக்கு அதுவே நினைப்பு. கறுப்புத் துணி தைக்க மறுத்திருக்கிறாள், குனிந்தால் அதன்மேல் உதிர்கிறது என்று. சீப்பை வைத்துச் சுரண்டிச் சுரண்டி மண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். கல்யாணத்தன்று அந்த அக்கா மறுபடி பூச்சூட்டுவாள். அதற்குள் தலை சரியாகிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நண்பன் இதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனையும் கையில் கொடுத்தான். அவளிடம் நான் அதற்கு முன்பு இரண்டு மூன்று தடவை போனில் பேசியிருக்கிறேன். என்னை அண்ணே என்பாள்.

என் வைத்தியத்தைச் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். கல்யாணத்துக்கு நாள் குறைவாக இருந்ததே என்று என் கணக்கு. நான் தேங்காய் எண்ணெயில் பத்துச் சொட்டுக் கலந்தேன். அவளிடம் அப்படியே தேய்க்கச் சொன்னேன். நான் ஒரு மணி நேரம் வைத்தேன். அவளிடம் துணி கட்டிக்கொண்டு இரவு முழுக்க வைத்திரு என்றேன்.

"எங்கண்ணே வாங்கணும்?" என்றாள்.

"மருந்துக் கடையில கேளும்மா, குடுப்பாங்க" என்றேன்.

மூன்று நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். நான் தறியில் நின்றுகொண்டிருந்தேன். தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வெளியே வந்து, மறுபடி சொல்லச் சொன்னேன்.

"அப்பா வாங்கியாந்துட்டாகண்ணே. ஒரு சொட்டு தண்ணியில விட்டுப் பாத்தேன். பால் மாதிரி வெளுத்துப் போகுது. எண்ணெய்னா மெதக்கத்தானண்ணே செய்யும்?"

நான் வாங்கிய எண்ணெயை ஒருநாளும் தண்ணீரில் விட்டுப் பார்த்ததில்லை. அது மிதக்குமா, வெளுக்குமா என்று எனக்குத் தெரியாது. அப்படிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. இருந்தாலும் ஒரு நொடி தயங்காமல் சொன்னேன்: "சுத்தமான வேப்பெண்ணெய் அப்படித்தாம்மா இருக்கும். தைரியமாத் தேயி."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, தறியில் இழை அறுந்து, குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான் நண்பன். போன் வந்தது. எடுத்து இரண்டு வார்த்தை கேட்டான். தறியை நிறுத்தாமலே வெளியே ஓடினான். நான் இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு அவன் பின்னால் ஓடினேன். தங்கையைப் பேரையூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள், வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில் வண்டி வந்தது. அவளைப் படம் தவிர நேரில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துணி கட்டியிருந்த கோடு வரை நெற்றி சிவந்து கொப்பளித்திருந்தது. காதுக்குப் பின்னால் தோல் உரிந்து தண்ணீர் கசிந்தது. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. ஓயாமல் வாந்தி. "எரியுது, எரியுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு பெண் டாக்டர் வந்து, என்ன தேய்த்தீர்கள் என்று கேட்டார். அவள் அப்பா மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். லேபிள் இல்லாத பாட்டில். பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தது. டாக்டர் மோந்து பார்த்தார்.

"எங்க வாங்குனீங்க?"

"மருந்துக் கடையிலம்மா."

"மெடிக்கல்லயா?"

"இல்லம்மா, மெடிக்கல் இல்ல. மருந்துக் கடை. பருத்திக்கு வாங்குவோம்ல, அங்கன."

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் டவுனில் பிறந்தவன். எனக்கு மருந்து என்றால் உடம்புக்குச் சாப்பிடுவது. பேரையூர்ப் பக்கம் வயல்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மருந்து என்றால் செடிக்கு அடிப்பது. உடம்புக்கு வாங்குகிற கடையை அவர்கள் மெடிக்கல் என்பார்கள். அவர் மருந்துக் கடைக்குப் போய் வேப்பெண்ணெய் கேட்டிருக்கிறார். கடைக்காரர் பருத்திக்கு என்று நினைத்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை.

டாக்டர் விளக்கினார். செடிக்கு அடிக்கிற வேப்பெண்ணெய் தண்ணீரில் கரைவதற்காக வேறு ரசாயனங்கள் கலந்திருக்கும். அதனால்தான் பால் மாதிரி ஆகும். புண்ணான மண்டையில் அதை ஊற்றித் துணியும் கட்டி இரவு முழுக்க வைத்ததால் தோல் வெந்துவிட்டது, உள்ளேயும் இறங்கியிருக்கிறது என்றார். தலையை மழித்தால்தான் புண்ணுக்கு மருந்து போட முடியும் என்றார். அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவை வெளியே கூட்டி வந்தேன். தப்பு என்னுடையது, நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"பூச்சிக்கு அடிக்கிறதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. நானே அடிக்கிறவன்தான. தலையில போய் வைக்கலாமான்னு ஒரு ரோசனை வந்துச்சு. எட்டு ஊரு சுத்துன பையன் சொல்றானே, நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான்காம் நாள் வாந்தி நின்றது. ஐந்தாம் நாள் கண் திறந்தாள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அன்று மதியமே அடுத்தது வந்தது.

முதல் நாள் காலையில் அவளை வண்டியில் ஏற்றும்போது அவள் அம்மா தெருவில் நின்று, "ஐயோ, மருந்து, மருந்து" என்று கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டார் கேட்டது அந்த ஒரு சொல்தான். கல்யாணம் நிச்சயமான பெண், காலங்காத்தாலே ஆஸ்பத்திரி வண்டி, வாந்தி, மருந்து. அந்தப் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்டவர்கள் யாரும் தலையை நினைக்கவில்லை. மருந்து குடித்துவிட்டாள் என்று செய்தி டி. கல்லுப்பட்டிவரை போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா போனில் கேட்டார்: "எங்க பையனப் பிடிக்கலைன்னா வாயால சொல்லிருக்கலாமே. எதுக்கு இம்புட்டுக் காரியம்?"

இவர்கள் என்ன சொன்னாலும் அங்கே எடுபடவில்லை. எண்ணெய் தேய்த்ததற்கு எவளாவது பெரிய ஆஸ்பத்திரியில் கிடப்பாளா என்று கேட்டார்களாம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது.

அவள் அம்மா ஒரு யோசனை சொன்னார். தலையைத்தான் மழித்தாயிற்று. கோயிலுக்கு வேண்டுதல், உடம்பு சரியில்லாமல் போனதால் முடி இறக்கினோம் என்று சொல்லிவிட்டால் என்ன? நண்பனும் சரி என்றான். நானும் தலையை ஆட்டினேன். கட்டிலில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"குடிச்சேன்னும் சொல்ல வேணாம், வேண்டுதல்னும் சொல்ல வேணாம். எண்ணெய் தேச்சேன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான நடந்துச்சு."

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அண்ணே, பால் மாதிரி வருதுன்னு நான் கேட்டேன்ல. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தேச்சிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. தையல் எங்கே பிரிந்தது என்று துணியைப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். தப்புச் செய்தவனே நேரில் போய்ச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் நானும் நண்பனும் பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம்.

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் வரவில்லை. அப்போதே எனக்குக் கொஞ்சம் புரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா எதிரில் உட்கார்ந்தார். அம்மாவும் அக்காவும் நிலைப்படியில் நின்றார்கள். மாப்பிள்ளை உள்ளே பருத்தி மூட்டைகளில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் முதலில் இருந்து சொன்னேன். என் தலைக்கு வந்தது, எங்கெங்கே வேலை பார்த்தேன், வேப்பெண்ணெய் எங்கே வாங்கினேன் என்று. நண்பனின் அப்பா வாங்கிய அந்தப் பாட்டிலையும் எடுத்துக் காட்டினேன்.

"பாட்டிலைக் கொண்டாந்துட்டா குடிக்கலைன்னு ஆயிருமா?" என்றார் அம்மா.

"இல்லம்மா, குடிச்சிருந்தா வயித்துலல்ல..." என்று நான் இழுத்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். பதற்றத்தில் பேச்சு எங்கெங்கோ போனது. நண்பனுக்குப் பொறுக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மாப்ள, சுருக்கமாச் சொல்லு மாப்ள."

நிலைப்படியில் நின்ற அக்கா ஒரு படி இறங்கினாள்.

"மாப்ளயா?"

"சும்மா கூப்பிடுறதுக்கா. பிரண்டு" என்றான் நண்பன்.

"இல்லக்கா, அந்தப் பிள்ளைக்கு நான் அண்ணன் முறை" என்றேன் நான்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்தார். "அவன் மாப்ளங்கிறான், நீ அண்ணங்கிற. ரெண்டுல எதுப்பா மெய்யி?"

"அண்ணேன்னுதாங்கய்யா என்னைக் கூப்பிடும்."

"போன்ல பேசுமோ?"

"பேசும்" என்றேன். அதைவிட முட்டாள்தனமாக அந்த இடத்தில் யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அது உண்மை.

"எந்த ஊரு நீ?"

"இப்ப செல்லூருங்க."

"பிறந்த ஊரக் கேக்கேன். வீடு எங்க, ஆளுக யாரு?"

நான் ஊரைச் சொன்னேன். அங்கே போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பேன். ஊர் பேர் சொல்ல முடியாத ஒருத்தன், பெண்ணோடு போனில் பேசுகிறவன், பெண்ணின் அண்ணனுக்கு மாப்ள, அவளுக்காகப் பஸ் ஏறி வந்து பரிந்து பேசுகிறான். அவள் ஏன் மருந்து குடித்தாள் என்பதற்கு அதுவரை அவர்களிடம் காரணம் இல்லை. காரணமாக நானே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சரிப்பா. நீங்க கெளம்புங்க. நாங்க ரோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து அவன் என்னை மாப்ள என்று கூப்பிட்டதே இல்லை. வாங்க, போங்க என்றுதான்.

எட்டாம் நாள், பூ வைத்தபோது இவர்கள் பக்கம் கொடுத்த வேட்டி சட்டையை ஒரு உறவுக்காரர் பையில் போட்டு வார்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் வைத்த பட்டுச் சேலையைத் திருப்பித் தரச் சொன்னார். அதற்குத் தைத்திருந்த ஜாக்கெட்டைக் கொடுக்கவா வேண்டாமா என்று அம்மா கேட்டார். கட்டிலில் இருந்தவள், "அது என் அளவும்மா. அவுகளுக்கு எதுக்கு?" என்றாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. துணியைத் தலையில் நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போன மறுநாள் நான் என் பையை எடுத்தேன். சூரத்தில் தெரிந்த ஆள் இருந்தார். சங்கடம் வந்தால் இடத்தைக் காலி செய்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. நண்பன் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றான்.

"எங்க கெளம்பிட்டீக?"

"சூரத்து."

"போங்க. நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாகன்னு தெரியும்ல? வெசயம் வெளியில வந்ததும் அவன் ஓடிட்டாம்பாக. எங்கயோ போயி வீடு பாக்கான், பிள்ளையும் பின்னாடியே போகும்பாக. அம்மாவும் அப்பாவும் அதுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

நான் பையைத் தோளில் மாட்டினேன்.

"அவளுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் இங்கனயே கெடங்க. அதே தறியில நில்லுங்க. யாராச்சும் விசாரிக்க வந்தா, இந்தா நிக்கான் பாருன்னு காட்டணும். நீங்க வேற ஒண்ணும் எங்களுக்குச் செய்ய வேணாம்."

பையைக் கீழே வைத்தேன்.

அப்படி இரண்டரை வருடம் அங்கே இருந்தேன். மற்றவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஊரோடு, வீட்டோடு இருப்பவர்களுக்கு ஓரிடத்தில் இருப்பது ஒரு வேலையா என்று தோன்றும். எனக்கு முதல் ஆறு மாதம் ஜெயில்போல இருந்தது. ரயில் சத்தம் கேட்டால் கால் துறுதுறுக்கும். தறி ஓடுகிற சத்தத்தில் அதை மறப்பேன். அவளுக்குப் புதிதாகப் பேசிய இடங்களிலிருந்து விசாரிக்க உண்மையிலேயே ஆள் வந்தார்கள். இரண்டு தடவை. ஒரு முறை மாப்பிள்ளை வீட்டார் என்று தெரியாமல் நானே அவர்களுக்கு வழி சொல்லியிருக்கிறேன். இரண்டு இடமும் பேசிப் பேசிக் கலைந்து போயின. ஒவ்வொன்றும் கலையும்போது நண்பன் அன்று சாப்பிட மாட்டான். எனக்கும் இறங்காது. அறையில் இரண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்திருப்போம்.

அவளுடைய தலை பற்றி அவன் அப்பா மூலம்தான் எனக்குத் தெரியும். தோல் டாக்டரிடம் தொடர்ந்து காட்டினார்கள். அவளுக்கு முதலில் இருந்தது வெறும் வறட்சி இல்லை, அது ஒரு தோல் நோய், அதற்கென்று ஷாம்பு இருக்கிறது, வாரம் இரண்டு தடவை போட்டாலே அடங்கியிருக்கும் என்றாராம் டாக்டர். புண் இருக்கிற தலையில் எந்த எண்ணெயும் வைக்கக் கூடாதாம். முடி வளர்ந்தது. வலது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் வளரவே இல்லை. நான் அவளுக்கு ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. செய்யக் கூடாது என்று எனக்கே தெரிந்திருந்தது.

மூன்றாவதாக உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. பூ வைக்கும் முன்பே அவள் மாப்பிள்ளையிடம் நேரில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். எண்ணெய், ஆஸ்பத்திரி, ஊரில் பேசியது, முன்னால் பூ வைத்துத் திரும்பிப் போனது, காதுக்குப் பின்னால் இருக்கிற வழுக்கை எல்லாம். அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் சரி என்று சொல்லியிருக்கிறார். வைகாசியில் கல்யாணம் நடந்தது. நண்பன் என்னை அழைத்தான், அழைக்கிற முறையில்தான் அழைத்தான். நான் போகவில்லை. அன்று அவனுடைய தறியையும் சேர்த்து ஓட்டினேன்.

ஆடிக்குத் துணி எடுக்க அவளும் அவள் கணவரும் மதுரைக்கு வந்தவர்கள், அண்ணனைப் பார்க்கச் செல்லூருக்கு வந்தார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"இவுகதாங்க, நான் சொன்னேன்ல, எண்ணெய் சொன்ன அண்ணன்" என்றாள் கணவரிடம்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். "நீங்கதானாண்ணே அது? எங்க காட்டுலயும் மாவுப்பூச்சிக்கு அதத்தான் அடிக்கோம். ஒரு பூச்சி செத்ததில்ல. மனுசன்னாத்தான் அந்தப் போடு போடும்போல."

அவளும் சிரித்தாள். நண்பனும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அவளிடம், "தலை இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். இவ்வளவு காலத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி அது.

"நல்லா இருக்குண்ணே. அது ஒரு பக்கமா இழுத்துச் சீவிக்கிருவேன். தெரியாது." பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க இன்னமும் இங்கனதான் இருக்கீகளா? ஒரு எடத்துல ஆறு மாசம் தங்க மாட்டீகன்னு முன்னாடி எங்கண்ணன் சொல்லுமே."

நண்பன் என்னைப் பார்த்தான். அவளிடம் யாரும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தறி பழகிருச்சும்மா" என்றேன்.

"நல்லதுண்ணே" என்றாள். கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போனார்கள்.

அடுத்த மாதமே நானும் கிளம்பினேன். இப்போது இதை எழுதுவது வேறு ஊரிலிருந்து. இங்கேயும் யாராவது வந்து, முடி கொட்டுகிறது, கை அரிக்கிறது, நீ நாலு இடம் பார்த்தவன், என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் செய்கிறார்கள். தெரியாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறேன். சிலர் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்; போகட்டும். தெரியும் என்று நான் போனில் சொன்ன ஒரு நொடியை, ஒரு பெண் இரண்டரை வருடம் தன் தலையில் சுமந்து தீர்த்தாள் என்பது மறக்காதவரை, அந்தப் பெயர் எனக்குப் பாரமாக இருக்காது.